தாபரிப்புக் காசைக் கையில் கொடுக்காதீர்கள்: விவாகரத்தான மலையகப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மலையகத்து நகரமொன்றில் சட்டத்தரணி ஒருவரிடம் பதினான்கு வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். தாபரிப்பு, அதாவது பிள்ளையின் பராமரிப்புக்கான காசு, அந்த வழக்குக்கு வருபவர்களின் கோப்பைத் தயாரிப்பது, தவணைத் திகதியை ஞாபகப்படுத்துவது, நீதிமன்றத்தில் பிரதி எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. பிள்ளைக்குக் காசு கொடுக்க மனமில்லாத அப்பாமாரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் கொடுத்தும் கொடுக்காதவன் என்று பெயர் வாங்கியவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

ஒருவரை இன்னும் மறக்க முடியவில்லை. கொழும்பில் கடையில் வேலை. மாதம் தவறாமல் ஊருக்கு வரும் ஆட்களிடம் காசைக் கொடுத்து, மனைவியின் தம்பி கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். பதினொரு மாதம். நிலுவை என்று வழக்கு வந்தபோது, "அண்ணே, நான் குடுத்தேன். பிள்ளைமேல சத்தியமா குடுத்தேன்" என்று எங்கள் மேசைக்கு முன்னால் நின்று அழுதார். பற்றுச்சீட்டு ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண்ணும் பொய் சொல்லவில்லை. பாதிக் காசு அவள் கைக்கு வரவே இல்லை. பதினொரு மாதமும் நிலுவையாகவே கணக்கில் ஏறியது. காசு போன வழி காகிதத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும் விஷயம் அது.

முதலில் கட்டளையின் பிரதி

விவாகரத்து வழக்கு நடப்பது மாவட்ட நீதிமன்றத்தில். பிள்ளைத் தாபரிப்புக்குத் தனியாக நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கான சட்டம், 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம். 1889 ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. முஸ்லிம் குடும்பம் என்றால் காதி நீதிமன்றம். ஆகவே உங்கள் காசு எந்த நீதிமன்றம் போட்ட கட்டளைப்படி போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு வரும் எல்லா வேலைக்கும் அந்த நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

"விவாகரத்து ஆயிருச்சு, இனி நமக்கும் அதுக்கும் தொடர்பில்ல" என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். முறிந்தது கல்யாணம் மட்டும்தான். பிள்ளைக்கு நீங்கள் அப்பா, அல்லது அம்மா. பதிவுத் திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் சட்டத்தில் இதே உரிமை உண்டு. கட்ட வேண்டியவர் அப்பாதான் என்றும் இல்லை. சட்டம் பெற்றோர் என்றுதான் சொல்கிறது. அம்மா சவுதியிலோ குவைத்திலோ உழைக்கிறார், பிள்ளை அப்பாவோடு லயத்தில் இருக்கிறது என்றால், அம்மாவிடமும் கேட்கலாம்.

நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுங்கள். எவ்வளவு, எந்தத் திகதிக்குள், யார் பெயருக்கு, எந்த வழியில் என்ற நான்கையும் அதில் தேடுங்கள். வழக்கு இலக்கத்தைத் தனியாக எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நம் ஆட்கள் பலர் தடுமாறுவது மொழியில். வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவுகள் சிங்களத்தில் இருக்கும். நுவரெலியா, ஹட்டன், பதுளை, பண்டாரவளை, எங்கே போனாலும் இதுதான். ஆனால் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு அரசு செலவில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறும் உரிமையைத் தருகிறது. தமிழிலேயே மனு போடவும் இடமுண்டு. "எனக்கு விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள்" என்று கூண்டில் நின்று கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. விளங்காமல் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "எவ்வளவுண்ணே சொன்னாங்க?" என்று என்னிடம் கேட்டவர்கள் எத்தனையோ பேர். பிள்ளையின் சோற்றுக்கான தொகை, கேட்டுத் தெரிந்துகொண்டே கையெழுத்து வையுங்கள்.

பொலிஸில் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தில் எழுதிக்கொடுத்த உடன்பாடு நீதிமன்றக் கட்டளை ஆகாது. அதன்படி கொடுத்து வந்தால் தவறில்லை, தொடர்ந்து கொடுங்கள். ஆனால் நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் அந்தக் கடதாசி இரண்டு பேருக்கும் பெரிதாக உதவாது. நீதவான் முன் போய்ச் சம்மதக் கட்டளையாக மாற்றிக்கொள்வது நல்லது.

திகதியைச் சம்பளத்தோடு பொருத்துங்கள்

தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி. கட்டளையில் ஐந்தாம் திகதி என்று போட்டிருந்தால் ஒவ்வொரு மாதமும் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டி வரும், அல்லது பிந்தும். இதை யாரும் நீதவானிடம் எடுத்துச் சொல்வதில்லை. கட்டளை போடும்போதே, "எனக்கு பத்தாம் திகதி சம்பளம், பதினைந்துக்குள் கட்ட அனுமதி தாருங்கள்" என்று கேளுங்கள். நியாயமாகக் கேட்டு மறுத்ததை நான் பார்த்ததில்லை. கடையில், கராஜில், கட்டட வேலையில் இருப்பவர்கள் மாதக் கடைசியை வைத்துச் சொல்லலாம்.

சம்பளம் கைக்கு வந்த அன்றே கட்டிவிடுங்கள். முன்பணம் வெட்டி, கடைக் கடன் வெட்டி, மிச்சத்தில் பிள்ளைக்கு என்று நினைத்தால் மிச்சம் என்று ஒன்று இருக்காது.

எந்த வழியில் கட்டுவது

கட்டளையில் நீதிமன்றத்தில் கட்டு என்று இருந்தால் அங்கேதான் கட்ட வேண்டும். பற்றுச்சீட்டில் வழக்கு இலக்கம், தொகை, எந்த மாதத்துக்கு என்ற மூன்றும் சரியா என்று அங்கேயே பாருங்கள். பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்று வெட்கப்பட வேண்டாம்.

வங்கி என்றால், அம்மாவின் சொந்தப் பெயரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கு. இதில் ஒரு பொறி இருக்கிறது. "பிள்ளை பேர்லயே போடுறேன், அப்பத்தான் அவ எடுக்க மாட்டா" என்று சிலர் சிறுவர் சேமிப்புக் கணக்கில் போடுவார்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும் வரை அந்தக் காசை எடுக்க வங்கி பொதுவாக விடாது. இந்த மாதத்துப் பால்மாவுக்கும் வகுப்புக் காசுக்கும் வேன் காசுக்கும் கொடுக்கச் சொன்ன தொகை பத்து வருடம் பூட்டிக் கிடக்கும். பிள்ளையின் எதிர்காலத்துக்குச் சேமிக்க விரும்புகிறீர்களா, தாராளமாகச் செய்யுங்கள். அது தாபரிப்புக்கு மேலதிகமாக இருக்கட்டும்.

வங்கிக்குள் போய்க் கட்டினால் வைப்புச் சீட்டில் வழக்கு இலக்கத்தையும் மாதத்தையும் எழுதுங்கள். ஃபோனில் அனுப்பினால் குறிப்பு எழுதும் இடத்தில் "தாபரிப்பு, ஓகஸ்ட்" என்று போடுங்கள். வங்கி தூரமாக இருக்கும் தோட்டங்களில் தபாலகக் காசுக்கட்டளை இன்னும் நல்ல வழி, அதன் துண்டை மட்டும் தொலைக்காதீர்கள். ஈஸி கேஷ், எம் கேஷ் வழியாக அனுப்பினால் வரும் எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ஃபோன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போய்விடும் என்பதால், மாதம் ஒரு முறை கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பு.

காசு போடும் மெஷினில் வரும் சீட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது சூட்டில் அச்சாகும் கடதாசி. நாள் போகப் போக எழுத்து மங்கும். ஒரு முறை ஒருவர் இரண்டு வருடத்துச் சீட்டுகளை ரப்பர் போட்டுக் கட்டி, ஷொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். லயத்துக் கூரைக்குக் கீழே, அடுப்புப் புகையும் மழைக்கால ஈரமும் படும் தட்டில் வைத்திருந்திருக்கிறார். பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசிச் சீட்டு வெறும் வெள்ளை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒன்றிரண்டில் மட்டும் எண் தெரிந்தது. அவருடைய நல்ல காலம், வங்கியில் கணக்குக் கூற்று எடுத்துத் தப்பினோம். அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒன்றே சொல்வேன்: மெஷின் சீட்டு வந்த கையோடு ஃபோட்டோ கொப்பி. இருபது ரூபாய்ச் செலவைப் பார்க்காதீர்கள்.

வேறு வழியே இல்லாமல் கையில் கொடுக்க நேர்ந்தால், வாங்குபவரே கையெழுத்திட்டு, திகதியும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கொடுக்க வேண்டும். தம்பி, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, யார் கையிலும் வேண்டாம். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், நாளைக்கு அவர்களை நீதிமன்றப் படியேற்ற வேண்டி வரும்.

ஒரு கொப்பி

எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் வழக்கு இலக்கம், பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, கட்டளைத் தொகை. அப்புறம் மாதம் ஒரு வரி. நான் எழுதிக் காட்டும் மாதிரி இது:

"2025 ஓகஸ்ட் 12, செவ்வாய். ஓகஸ்ட் மாதத்துக்கு 12,000 ரூபா. வங்கியில் வைப்பு. சீட்டு ஒட்டியுள்ளது. மாலை அம்மாவுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன், கிடைத்தது என்று பதில்."

அந்த வரிக்குக் கீழேயே சீட்டின் ஃபோட்டோ கொப்பியை ஒட்டிவிடுங்கள். எஸ்எம்எஸ் விஷயம் சின்னதாகத் தெரியலாம். "காசு போட்டிருக்கேன்" என்ற மூன்று நான்கு சொல், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பழைய சண்டைக்கு அதில் இடம் கொடுக்காதீர்கள். கோபத்தில் அனுப்பிய ஒரு எஸ்எம்எஸ் வழக்கின் போக்கையே மாற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

தீபாவளிக்கு உடுப்பு, பாடசாலைப் பை, பிறந்தநாளுக்குச் சைக்கிள் என்று வாங்கிக் கொடுத்தால் பில்லைக் கொப்பியில் ஒட்டலாம். ஆனால் அந்தத் தொகையைத் தாபரிப்பில் கழிக்காதீர்கள். கட்டளை சொல்வது காசை. 4,000 ரூபாய்க்குச் சப்பாத்து வாங்கினேன், ஆகவே 8,000 கட்டினேன் என்றால் 4,000 நிலுவைதான். பெரிய செலவு ஒன்றைப் பகிர்ந்துகொள்ள இருவரும் சம்மதித்தால் எழுத்தில் வையுங்கள்.

காசு போதாத மாதம்

தேயிலைக் கொழுந்து குறைந்து பேர் (ஒரு நாள் வேலைக்கான பதிவு) விழாத மாதங்கள் தோட்டத்தில் வரும். நோய் வரும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிந்து பாதைகள் அடைபட்டன, மின்சாரம் இல்லை, வங்கிக்குப் போக வழியில்லை. இப்படியான மாதங்களில் முழுத் தொகை இல்லையே என்று ஒன்றுமே கட்டாமல் இருப்பதுதான் பெரிய பிழை. 12,000க்குப் பதில் 5,000 இருந்தால் 5,000 ரூபாயைக் கட்டுங்கள். மிச்சம் எப்போது என்று எஸ்எம்எஸ் அனுப்புங்கள். கொப்பியில் காரணத்தை எழுதுங்கள்: எத்தனை பேர் விழுந்தது, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நாள், எந்தப் பாதை எப்போது திறந்தது. கிளினிக் கொப்பியும் சம்பளச் சீட்டும் சாட்சி. மனமில்லாமல் கட்டாதவருக்கும் முடியாமல் கட்டாதவருக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கடதாசிகளில்தான் தெரியும்.

நிலுவை சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நிலுவைத் தொகையை அபராதப் பணம்போல அறவிட நீதவான் கட்டளையிடலாம். சம்பளத்திலிருந்து வெட்டி அனுப்பும்படி வேலை கொடுப்பவருக்கே கட்டளை போகலாம். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு, இடையில் கட்டிவிட்டால் விடுவிப்பார்கள். ஆறு மாதம் சேர்த்து வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். இதைவிட மோசம், நீதிமன்றத் தவணைக்குப் போகாமல் ஒளிவது. காசில்லாவிட்டாலும் தவணைக்குப் போங்கள். பிடியாணை விழுந்து பொலிஸ் லயத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போவதைப் பார்க்கப்போவது உங்கள் அம்மாவும் பக்கத்துக் காம்பிராக்களும்தான்.

தொகையை மாற்றக் கேட்பது

நிலைமை நிரந்தரமாக மாறியிருந்தால், வேலை போய்விட்டது, ஊனம் வந்துவிட்டது என்றால், நீங்களாகக் குறைக்காதீர்கள். சூழ்நிலை மாறியதற்குச் சான்று காட்டித் தொகையை மாற்றக் கேட்க இரண்டு தரப்புக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. வாங்குபவரும் கூட்டக் கேட்கலாம். 2021 மார்ச்சில் தோட்ட நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் அடிப்படை 1,350 ரூபா ஆனது. இடையில் 2022 நெருக்கடியில் சாமான் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். 2019 இல் போட்ட கட்டளைத் தொகை இன்றைக்குப் பிள்ளைக்குப் போதுமா என்று கட்டுகிறவரே ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது. வழக்கு வரும் முன் தானாகவே கூட்டிக் கொடுத்த இரண்டு மூன்று அப்பாமாரை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் பேச்சு இன்றும் இருக்கிறது.

கணக்கைக் காட்டும்போது நாட்சம்பளத்தை முப்பதால் பெருக்கிக் காட்டாதீர்கள், காட்டவும் விடாதீர்கள். 1,350 ரூபா நாட்சம்பளத்தில் மாதம் இருபது நாள் பேர் விழுந்தது என்றால் 27,000 ரூபா. அதில் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம், 2,160 ரூபா போனால் 24,840. பிறகு சங்கச் சந்தா, முன்பணம் எல்லாம் சீட்டில் இருக்கும். கொழுந்து நிறைந்த மாதம், குறைந்த மாதம் என்று கலந்து ஆறு மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுபோங்கள். முன்பணமும் கடைக் கடனும் நீங்கள் செலவழித்த காசு, வருமானக் குறைவு இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். நீதவான் இரண்டு பேருடைய வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும் சேர்த்தே பார்ப்பார்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கட்டளைப் பிரதி, சம்பளச் சீட்டு, உங்கள் கொப்பி, இவ்வளவும் கையில் இருக்கட்டும்.

"பிள்ளையைக் காட்ட மாட்டேங்குறா, நான் ஏன் கட்டணும்?"

என் மேசைக்கு முன்னால் அதிகம் கேட்ட கேள்வி இது. அந்த வலி நிஜம். இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் வந்து, கையில் பிஸ்கட் பெட்டியோடு கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பிய ஆளை நான் பார்த்தேன். ஆனால் பிள்ளையைப் பார்க்கும் உரிமை வேறு வழக்கு, தாபரிப்பு வேறு. காசை நிறுத்தினால் அம்மாவுக்கு வலிக்கும் முன்னால் பிள்ளைக்குத்தான் பாடசாலை வேன் நிற்கும். காசை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, பார்க்க அனுமதி கேட்டு நீதிமன்றம் போங்கள். நிலுவை இல்லாத கொப்பியோடு போய்க் கேட்பவரின் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு.

வாங்கும் அம்மாமாருக்கும் ஒரு சொல். கிடைத்ததைக் கிடைத்தது என்று எழுதிக் கொடுங்கள். அந்தக் காசில் வாங்கியவற்றின் பில்லை ஒரு உறையில் போட்டு வையுங்கள், தொகையைக் கூட்டக் கேட்கும் நாளில் அதுதான் பேசும். அவர் கட்டவில்லை என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள், நீதிமன்றத்தில் சொல்லுங்கள். மிரட்டல், அடி என்று வந்தால் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன.

பதினெட்டு முடிந்தால்

பதினெட்டாவது பிறந்தநாளோடு காசை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் திரும்ப அழைப்பாணை வாங்கியிருக்கிறார்கள். சட்டத்தில் பிள்ளை என்பது பதினெட்டுக்குக் கீழ். ஆனால் பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் தன்னைத்தானே பராமரிக்க முடியாத மகனோ மகளோ தாபரிப்புக் கேட்கலாம். ஊனமுற்ற பிள்ளை என்றால் அதற்கு மேலும் உண்டு. நம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதும்போது பத்தொன்பது வயது நெருங்கிவிடும். பதினெட்டில் நிறுத்துவது, பரீட்சைக்குச் சில மாதம் இருக்கும்போது வகுப்புக் காசை நிறுத்துவது. ஆகவே அந்தப் பிறந்தநாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே நீதிமன்றத்தில் விசாரித்து, கட்டளையை என்ன செய்வது என்று எழுத்தில் வாங்குங்கள். பிள்ளை படிக்கிறது என்றால் தொடர்ந்து கட்டுவதாகவே முடிவெடுங்கள்.

எல்லாம் முடிந்து கட்டளை இரத்தான பிறகும் கொப்பியைத் தூக்கி எறியாதீர்கள். ஈரம் படாத ஒரு தகரப் பெட்டியில், பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து வையுங்கள். நான் முதலில் சொன்னேனே, கொழும்பில் கடையில் வேலை செய்தவர், அவர் பதினொரு மாத நிலுவையைத் தவணை தவணையாகக் கட்டி முடித்தார். அதற்குப் பிறகு வாங்கிய கொப்பி இப்போது மூன்றாவது. கடைசியாகப் பார்த்தபோது மகள் உயர்தரம் படிக்கிறாள் என்று சொல்லி, அந்த மாதத்துச் சீட்டைப் பையிலிருந்து எடுத்து, ஃபோட்டோ கொப்பி எடுக்கக் கடையைத் தேடிக்கொண்டிருந்தார்.